கிளீனர் சைடு

குஷாய்குடாவில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் கணேஷ்குமார் ஒரு நாளைக்கு என்னதான் பேசுவான் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அவனிடம் இருப்பது ஒரே கேள்விதான். "எந்தப் பக்கம் இழுக்குது?" தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில் கேட்பான், ஹிந்திக்காரர் வந்தால் ஹிந்தியில். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்கள் சொல்வார்கள். இவன் தலையாட்டிவிட்டு முன்சக்கரங்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான் மனுஷன்.

இந்த மனுஷனோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்த ரோகிணி, போன சித்திரையிலிருந்து மெட்டுகுடாவில் அப்பா வீட்டில் இருந்தாள். அடித்தானா, குடித்தானா, வேறொருத்தி உண்டா என்று அக்கம்பக்கம் கேட்காத கேள்வியில்லை. அதெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. சண்டை ஒரு சீட்டுக்காக. சொன்னால் யார் நம்புவார்கள்?

கணேஷ்குமாருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் ஒன்று உண்டு. ஒரு பழைய மாருதி எண்ணூறு. கீசரா தாண்டி, கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் செம்மண் சரளைப் பொட்டலில் முட்டை மாதிரி வளைத்துப் போட்ட பாதையில் அதை ஓட்டுவான். மாதம் ஒருமுறை சரத் என்பவர் அங்கே பந்தயம் நடத்துகிறார். பாதை முழுக்க இடப்பக்கத் திருப்பம்தான். வலது என்பதே கிடையாது.

அதனால் அந்தக் காரின் முன்சக்கரங்களைப் பார்த்தால் யாரோ லாரியை விட்டு இடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ரோட்டுக் காருக்கு இரண்டு சக்கரமும் ஒன்றுபோல் நிமிர்ந்து நிற்க வேண்டும். இதற்கு அப்படி நின்றால் ஆகாது. டிரைவர் சைடு சக்கரம் தலையை உள்ளே சாய்த்து நிற்கும், கிளீனர் சைடு சக்கரம் வெளியே சாய்த்து நிற்கும். ஆக இரண்டும் இடப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பெயர். போதாததற்கு அடியில் வாஷர் மாற்றிப் போட்டு, கையை விட்டால் தானாகவே இடது பக்கம் ஓடுகிற மாதிரி செய்துவைப்பான். வாரமெல்லாம் ஊரான் காரின் இழுப்பை எடுக்கிறவன், சனிக்கிழமையானால் தன் காருக்கு இழுப்பு வைப்பான். என்ன பிழைப்போ!

கிளீனர் சைடு என்றால் இடது பக்கம். லாரியில் கிளீனர் உட்காரும் பக்கம். சந்துக்குள் லாரி திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கதவுத் தகரத்தைத் தட்டித் தட்டி, "வா... வா... வா..." என்று டிரைவரைக் கூப்பிடுவானே, அவன் பக்கம். முன்னால் நின்று பார்த்தால் ஒரு இடது, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வேறொரு இடது. அதிலும் நாலு பாஷை பேசுகிற ஊரில் இடது வலது என்றால் குழப்பம் வரும். மெக்கானிக்குகளுக்கு எந்த வண்டியானாலும் டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான்.

அந்தக் கிளீனர் சைடில் ரோகிணி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில், "நான் இன்னா லாரி கிளீனரா?" என்று முறைத்தவள், நாளடைவில் அந்தச் சீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். அப்போதெல்லாம் காரில் இரண்டு பேர் போகலாம். திருப்பத்தில் டிரைவர் பக்கம் தானாகவே பாரம் சாயும். உள்பக்கச் சக்கரம் பாரமில்லாமல் மண்ணை விட்டுத் தூக்கிக்கொள்ளப் பார்க்கும். அதை அழுத்திப் பிடித்தது ரோகிணியின் உடம்புதான். அவள் குள்ளம். கண்ணாடிக்கு வெளியே தெரிவதற்காகப் பூப்போட்ட உறை தைத்து ஒரு குஷன் போட்டு உட்காருவாள். "தூக்குது... தூக்குது... புடிச்சிடுச்சு" என்று அவள் சொல்லச் சொல்ல அவன் திருப்புவான். வீட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லத் தெரியாதவனோடு அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அவளுக்கு நல்ல பேச்சுத்துணை இருந்தது.

போன வருஷம் புது ரூல் வந்தது. காரில் ஒருவர்தான். ரோகிணி சைனிக்புரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் வேலை பார்த்தாள். அன்று வேலை முடிந்து கடைக்கு வந்தபோது, அவள் சீட்டு வெளியே வெயிலில் கிடந்தது. வெல்டர் டேனியல் அதன்மேல் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"ரூலு. ஒருத்தர்தான்" என்றான் கணேஷ்குமார், ஸ்பானரிலிருந்து கண்ணெடுக்காமல்.

"கழட்டுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"ரூலுக்கு உங்கிட்ட இன்னா கேக்கறது?"

"ஹவ், சரி. அப்ப வீட்டுக்கும் அதே ரூலு வச்சுக்கங்க. ஒருத்தர்தான்."

போனவள் போனவள்தான். அவன் மெட்டுகுடாவுக்கு வராமல் இல்லை. வந்தான். காபி குடித்தான். மாமனார் பெருமாளின் ஸ்கூட்டர் சக்கரம் ஆடுவதைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தான். போனான். இன்னொரு முறை வந்து கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு மாட்டினான். "வா" என்று ஒரு வார்த்தை மட்டும் இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காக ரோகிணி ஒவ்வொரு தடவையும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருந்தால் செருப்பு மாட்டக்கூட நிற்காமல் போயிருப்பாள். அவன் கூப்பிடவில்லை. அவளும் வெட்கத்தைவிட்டுக் கேட்கவில்லை.

இப்போது அவள் தம்பி ஸ்ரீகாந்த் பெங்களூரில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டான். திங்கட்கிழமை ரயில். சனிக்கிழமை காலையில் ராஜம்மாள் மகளுக்காக எள்ளுப்பொடி இடித்துக்கொண்டிருந்தபோது டேனியல் வந்து நின்றார். பெருமாளோடு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவரின் மகன். ரோகிணியைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும்.

"ஏம்மா ரோகிணி, அந்த வண்டிக்கு இன்னா கேடோ தெரியல. திரும்பவே மாட்டேங்குது. ஸ்டியரிங்க ஒடிச்சா நேராப் போயி மண்மேட்ல முட்டுது. ரூலு மாறினதுலேர்ந்து இதே கதை. போன தபா மேட்டை ஏறி அந்தாண்ட எட்டிப் பாத்துட்டு வந்துச்சு."

"அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

"கேட்டா பேசறானா அவன்? கிளீனர் சைடு இன்னா பண்ணுதுன்னு உனக்குத்தாம்மா தெரியும். வந்து ஒருக்கா பாரு. கை கால் ஒடிஞ்சப்புறம் பாத்து இன்னா பிரயோசனம்?"

உள்ளேயிருந்து பெருமாள் குரல் கொடுத்தார். "நாளன்னிக்கு ரயிலு ஏறப் போற பொண்ணுய்யா அது."

"ரயிலு திங்கக்கிழமதானே மாமா? இன்னிக்கு சனிக்கிழம."

"நக்கோ அண்ணா, நான் வரல" என்ற ரோகிணி, துப்பட்டாவை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். "என் ஆப்பச்சட்டி அங்கதான் கீது. அத எடுத்துனு வந்துடறேன்."

ராஜம்மாள் உலக்கையை நிறுத்தினாள். "பெங்களூர்ல ஆப்பச்சட்டி கெடைக்காதா?"

"பழகின சட்டிம்மா" என்று சொல்லிவிட்டு ரோகிணி டேனியலின் பைக்கில் ஏறினாள். ராஜம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி இடித்தாள்.

சங்கராந்தி முடிந்த வாரம். குஷாய்குடாத் தெருவில் மின்கம்பிக்குக் கம்பி பட்டங்கள் தொங்கின. வெயில் சுடாமல் இதமாக இருந்தது. பக்கத்துத் தையல்கடைப் பத்மஜா ரோகிணியைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, பண்டிகைக்குச் சுட்ட சகினாலு முறுக்கு நாலைக் கையில் திணித்து, "வச்சேசாவா?" என்று கேட்டாள். வந்துவிட்டாயா என்று. ரோகிணி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் நடந்தாள்.

கடைக்கும் அதை ஒட்டிய வீட்டுக்கும் பின்னால் இருந்த கொட்டகையில் எண்ணூறு நின்றது. முன்சக்கரங்களுக்கு அடியில், நடுவில் கிரீஸ் தடவிய இரண்டிரண்டு தகடுகள். சக்கரம் தடையில்லாமல் நகர அது ஒரு வழி. காரின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் நூல் கட்டியிருந்தது. கணேஷ்குமார் குனிந்து, நூலுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். இளைத்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்றில்லை. 

"ஆப்பச்சட்டி எடுக்க வந்தேன்."

"உள்ள கீது."

"பத்திரமா வச்சிருக்கீங்களா?"

"எண்ணெ தடவி வச்சேன். வாரா வாரம்."

வாரா வாரம் ஆப்பச்சட்டிக்கு எண்ணெய் தடவத் தெரிந்தவனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை பாருங்கள்! ரோகிணி பல்லைக் கடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். டிரைவர் சீட்டில் மணல்மூட்டை ஒன்று இருந்தது. அது எப்போதும் உள்ளதுதான். ஓட்டுகிறவன் பாரம் உள்ளே இருந்தால்தான் கார் ஓடும்போது நிற்கிறபடி அமுங்கி நிற்கும். அந்த நிலையில் வைத்தால்தான் சக்கரத்தின் சாய்வு சரியாக வரும். இவன் வெளியே வேலை செய்வதால் இவனுக்குப் பதில் மூட்டை.

அந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சீட்டு இல்லாத வெறும் தகரத் தரையில் இன்னொரு மூட்டை உட்கார்ந்திருந்தது. சோனா மசூரி அரிசிச் சாக்கு, வாயை இறுக்கித் தைத்திருந்தது. அதற்கு அடியில் பூப்போட்ட குஷன். மூட்டைமேல் அவளுடைய பழைய சீட்பெல்ட்டை மாட்டியிருந்தது.

"இது இன்னா?"

"மண்ணு."

"மண்ணுன்னு தெரியுது. இங்க எதுக்கு வச்சிருக்கீங்க?"

"வெயிட்டுக்கு."

"ஒருத்தர்தானே ரூலு? நாளைக்கு இதுவும் உங்ககூட ஓடுமா?"

"ஓடாது. வுடமாட்டாங்க. எறக்கிடுவேன்."

"எறக்கற மூட்டைய வச்சு எதுக்குங்க கேம்பர் பாக்கறீங்க?"

அவன் நூலின் முடிச்சை அவிழ்த்தான். டேனியல் மெல்லச் செருப்பைத் தேடினார். "நான் டீ வாங்கினு வந்துடறேம்மா" என்று நழுவினார். அந்த மூட்டை சாய்வு பார்க்கத் தேவையான கனம் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"பாரத்தோட வைக்கறீங்க. அப்புறம் பாரத்த எறக்கிட்டு ஓட்டறீங்க. இந்தப் பக்கம் ஸ்பிரிங் மேல வந்துடாதா? சாய்வு மாறிடாதா? மண்ணப் புடிக்காம வீலு தூக்கினே போவாதா? பக்கத்துல குந்தினு வந்த எனக்கே இது தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கணேஷ்குமார் கையிலிருந்த நூலைச் சுருட்டினான், பிரித்தான். "ரெண்டு தபா எடுத்துட்டு வச்சுப் பாத்தேன். அந்தாண்ட குனிஞ்சு பாத்தா காலியா கீது. கை ஓடல ரோகிணி. மறுபடியும் தூக்கி வச்சுட்டேன்."

அவன் வாயில் அவ்வளவு நீளமான பேச்சை அவள் கேட்டதே இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கிடக்கிற ஸ்பானரை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது, அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிடலாம் போலவும் இருந்தது. ஒன்பது மாதமாக இந்த ஆள் ஒரு சாக்கு மண்ணுக்குப் பெல்ட் மாட்டிவிட்டு அதைக் கூட உட்காரவைத்துக்கொண்டிருக்கிறான். மெட்டுகுடா வாசலில் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எவ்ளோ வெயிட்டு இது?"

"உன் வெயிட்டு. இரும்புக்கடைத் தராசுல ஏத்திப் பாத்தமே."

"அரே, அது கல்யாணமான புதுசுங்க! அம்மா கைச்சாப்பாட்டுல நான் இப்ப எவ்ளோ ஏறியிருக்கேன் தெரியுமா?"

"தெரியாது."

"கேக்கணும்ங்க. தெரியலன்னா வாயத் தொறந்து கேக்கணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்கவில்லை.  அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெல்ட்டை விடுவித்து, மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தன் கனம் தனக்கே தூக்க முடியாததாக இருந்தது.

"வந்து ஒரு கை புடிங்க."

"இருக்கட்டுமே."

"இருந்தா நாளைக்கு மேட்டுல முட்டுவீங்க. புடிங்கன்றேன்ல?"

இருவரும் சேர்ந்து தூக்கிக் கொட்டகைச் சுவரோரம் வைத்தார்கள். கார் அந்தப் பக்கம் லேசாக எழும்பியது. ரோகிணி குஷனை எடுத்துத் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் வேலை நடந்தது. காரை முன்னால் நாலு அமுக்கு அமுக்கி ஸ்பிரிங்கை நிலைக்கு விட்டார்கள். அவள் நூல் நுனியைப் பிடித்தாள். அவன் கிளீனர் சைடு சக்கரத்தின் போல்டைத் தளர்த்தி, தலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்கினான். அடியில் படுத்து ஒரு வாஷரை மாற்றினான். "இந்தாண்ட வா", "அத எடு", "கொஞ்சம் இரு" என்பதைத் தவிர அவன் எதுவும் பேசவில்லை. அந்த 'வா'வெல்லாம் கணக்கில் சேராது என்று அவளுக்குத் தெரியும். டீயோடு திரும்பிய டேனியலுக்கும் சேர்த்து, அவன் காலையில் வைத்திருந்த சோற்றையும் பச்சிப்புலுசையும் மூன்று தட்டில் போட்டாள். புளிக்கரைசலில் உப்பு இல்லை. தின்றார்கள்.

"நாளைக்கு வர்றியாம்மா?" என்றார் டேனியல்.

"வண்டி திரும்புதான்னு பாத்துட்டுப் போறேன். திங்கக்கிழமை ரயிலு எனக்கு."

கணேஷ்குமார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "எங்க?"

"பெங்களூரு. ஸ்ரீகாந்த் வேலை பாத்து வச்சிருக்கான். அங்கயே இருந்துக்கலாம்னுட்டான்."

அவன் வாயிலிருந்த சோற்றை வெகுநேரம் மென்றான். தண்ணீர் குடித்தான். "முன்வீலு டோ இன்னும் கொஞ்சம் வெளிய வைக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து காரிடம் போனான். டேனியல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் பகல், கோழிப்பண்ணைப் பொட்டலில் செம்மண் புழுதி மேகமாக எழுந்தது. தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன திருப்பங்களில் மட்டும் மண் கறுத்துக் கிடந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ரோகிணி குஷனைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொடி விழுந்ததும் கார்கள் குப்பென்று கிளம்பின. முதல் திருப்பம் வந்தபோது அவள் உடம்பு தானாகவே இடப்பக்கம் சாய்ந்தது.

"தூக்குது..." என்றாள் வாய்க்குள். "தூக்குது..."

எண்ணூறு மூக்கை உள்ளே நுழைத்தது. பின்பக்கம் சறுக்க, கிளீனர் சைடு சக்கரம் ஈர மண்ணைக் கவ்வ, ஒரே வளைவாகத் திரும்பி நேர்ப்பாதைக்குப் போய்விட்டது. மேட்டுப் பக்கமே போகவில்லை.

"புடிச்சிடுச்சு!" என்று டேனியல் துள்ளினார். "புடிச்சிடுச்சும்மா! பாத்தியா?"

பார்த்தாள். சுற்றுக்குச் சுற்று பார்த்தாள். அவ்வளவு அழகாக அந்த வண்டி அவள் உட்கார்ந்திருந்த காலத்தில்கூடத் திரும்பியதில்லை. கண்ணாடி வழியாகத் தெரிந்த அந்தக் காலி இடம் ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடந்து போனது. இனி தான் இல்லாமலும் அது ஓடும். தன் கையாலேயே அப்படிச் செய்து வைத்துவிட்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தான். கை தட்டினாள்.

காரை ஏற்றிக்கொண்டு போக அவன் தெரிந்தவரிடம் ஒரு டிசிஎம் லாரி வாங்கி வந்திருந்தான். டேனியல் தன் பைக்கை உதைத்து, "நான் கீசரால என் அக்கா வூட்டுக்குப் போறேன்" என்று புளுகிவிட்டுக் கிளம்பினார். ரோகிணி லாரியில் ஏறி, குஷனைப் போட்டுக் கிளீனர் சைடில் உட்கார்ந்தாள்.

சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது.  மூன்றாவது இடத்துக்குக் கொடுத்த சின்னக் கோப்பை டேஷ்போர்டில் உருண்டுகொண்டே வந்தது. அவன் அதைப் பிடிக்கவில்லை. அவள்தான் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குஷாய்குடாவில் அவர்கள் தெரு இடப்பக்கம் பிரியும். நேரே போனால் மெட்டுகுடா. நேராகப் போவான் என்றுதான் அவள் நினைத்தாள். வாசலில் இறக்கிவிடுவான், ஒரு காபி குடிப்பான், அப்பாவின் ஸ்கூட்டரைப் பார்ப்பான், போவான். நாளை ரயில்.

தெருமுனையில் லாரி நின்றது. ஓரம் கட்டவும் இல்லை. நடுரோட்டில் நின்றது. பின்னால் சிட்டி பஸ் ஹாரன் அடித்தது. அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தான். 

"ரோகிணி."

"ம்?"

"எந்தப் பக்கம் இழுக்குது?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "லாரியா? நேராத்தானே வந்துச்சு."

"லாரி இல்ல" என்றான் கணேஷ்குமார். குரல் உடைந்தது. "உனக்கு."

பஸ்காரன் தலையை நீட்டித் தெலுங்கில் திட்டினான். ஆட்டோக்கள் சந்தில் புகுந்து முன்னால் போயின. தையல்கடை வாசலில் பத்மஜா எழுந்து நின்று பார்த்தாள். பதினோரு வருஷமாக ஊரில் இருக்கிற கார்க்காரனையெல்லாம் கேட்ட கேள்வி, கடைசியில் அவளிடம் வந்திருக்கிறது. ரோகிணி அவனைப் பார்த்தாள்.  கோப்பையைச் சீட்டில் வைத்தாள். ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே எம்பி, பின்னால் வந்த பஸ்ஸை நிற்கச் சொல்லி ஒரு கையை நீட்டினாள். மறு கையால் கதவுத் தகரத்தை ஓங்கித் தட்டினாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை.

"வா!" என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "வா... வா... வா... இந்தப் பக்கம் எடம் கீது, வா..."

லாரி இடது பக்கம் திரும்பியது.